தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில்

"எதைக் கையில எடுத்தாலும் மோந்து பாக்குறியே, நீ என்ன நாயா?"

கனகராஜ் தன் மச்சினியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியே அதுதான். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வந்திருந்தான். தண்ணீர்க் கோப்பையை அவனிடம் நீட்டுவதற்கு முன்னால் தினேஸ்வரி அதை ஒரு தடவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதைக் கவனித்துவிட்டான். கேலிதான். அக்கா ஷாமினி விழுந்து விழுந்து சிரித்தாள். அடுப்படியிலிருந்த அம்மா வீரம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தினேஸ்வரிக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று. பதில் இருந்தது, வாயில் வரவில்லை.

படிவம் நான்கோடு, பதினாறு வயதில், பள்ளியை விட்டவள் அவள். வகுப்பில் எழுந்து நின்று வாசி என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு நாள் போகாமல் இருந்து, அப்படியே போகாமலே ஆகிவிட்டாள். பிறகு கொஞ்ச காலம் ஆயர் தாவார் பக்கம் செம்பனைத் தோட்டத்தில், அம்மாவின் கும்பலுக்குத் தண்ணீர் தூக்கினாள். வீரம்மா அங்கே மருந்தடிக்கும் பெண்களை வேலை வாங்கும் மண்டோர். புல்லுக்கு அடிக்கிற மருந்து விஷம். அதற்குப் புழங்கும் வாளி, டின், ஓஸ் குழாய் எல்லாவற்றிலும் ஒரு வளையம் சிவப்புச் சாயம் அடித்துவைப்பார்கள். சிவப்பு பட்டதில் யாரும் வாய் வைக்கக் கூடாது. ஆனால் சாயம் உரியும். மழை, வெயில், மண். அதனால் அந்தக் கும்பலில் மோந்து பார்க்காமல் தண்ணீர் குடிக்கிற பெண்ணே கிடையாது. தினேஸ்வரி தோட்டத்தை விட்டு வந்துவிட்டாள், மூக்கு மட்டும் வரவில்லை. ஈப்போவில், புந்தோங்கில், அக்கா வீட்டில் இருந்து அக்காவின் கைப்பிள்ளை தனேஷைப் பார்த்துக்கொள்கிற இந்த நாளிலும் அவள் மூக்கு தோட்டத்து மூக்குதான்.

கனகராஜ் பஸ் மெக்கானிக். வாய் ஓயாதவன். பத்து காஜா என்ற ஊரில் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் புல் மூடிக் கிடந்த பழைய ஜப்பான் மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய அன்று தெருவே வந்து பார்த்தது. படுக்கை, அடுப்பு, கழுவுதொட்டி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு லோரி வீடு என்று பெயர் வைத்தார். ஷாமினி மட்டும் அதற்குள் ஏறவில்லை. பிள்ளைக்குத் தாய்ப்பால் பத்தாமல் மாவுப்பால்தான் கொடுத்துவந்தாள். வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்:

"எம்புள்ளைக்குப் பால் கலக்குற தண்ணி இதுல வருமா? வரும்னா ஏறுறேன். இல்லைன்னா நீங்களே படுத்துக்குங்க."

அந்த ஒரு கேள்விக்காகக் கனகராஜ் வண்டியின் பழைய தண்ணீர்ப் பைப்புகளை மொத்தமாகப் பிடுங்கிப் போட்டான். சாம்பல் நிறத்தில், மூட்டுக்கு மூட்டு விண்டுபோய், உள்ளே சளி மாதிரி பிடித்திருந்தது. அதற்கப்புறம் ராச்சாப்பாட்டு நேரமெல்லாம் பைப்புக் கதைதான். செம்பு நல்லதுதானாம், ஆனால் ஓடுகிற வண்டியில் அதிர்ந்து அதிர்ந்து பற்றவைத்த இடம் விட்டுவிடுமாம், பழைய பற்றாசு என்றால் அதில் ஈயம் வேறாம். வெள்ளை பிவிசி சுவருக்குள் சிவனே என்று கிடக்கிற சாமான், லோரியில் போட்டால் முதல் பள்ளத்திலேயே வெடிக்குமாம். கண்ணாடி மாதிரி இருக்கும் ஓஸில் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், பூச்செடிக்கு ஊற்றும் பச்சை ஓஸ் வெயிலில் காய்ந்தால் அதன் வாடை தண்ணீரில் இறங்கும். ஷாமினி கொட்டாவி விடுவாள். தினேஸ்வரி பிள்ளைக்குச் சோறு மசித்து ஊட்டியபடி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"பைப்புல தண்ணி எப்படி ஓடுதுன்னு எல்லாரும் பாப்பான்," என்பான் கனகராஜ். "பைப்பு தண்ணிக்குள்ள என்னத்தக் கலக்குதுன்னு ஒருத்தனும் பாக்க மாட்டான்லா."

கடைசியில், வளைந்து கொடுக்கும் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் பைப்பாக வாங்கினான். குடிநீருக்கு உரியது என்று அதன் உடம்பு நெடுக எழுதியிருந்தது. அந்த எழுத்தை மாமனார் வீட்டுச் சீர் மாதிரி எல்லாருக்கும் காட்டினான். குழாய் முனைகளுக்குக்கூட ஈயம் கலக்காத பித்தளை. ஒரே ஒரு இடம்தான் தொல்லை கொடுத்தது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து பம்புக்குப் போகிற துண்டு. பம்ப் உறிஞ்சும்போது அதிர்வதால் அங்கே மெத்தென்ற ஓஸ்தான் போட வேண்டும். அவன் வாங்கிய ஓஸ் குடிக்கத் தக்கதுதான், ஆனால் மெல்லிசு. பம்பைப் போட்டதும் சப்பி முடித்த ஐஸ் பிளாஸ்டிக் குழல் மாதிரி ஒட்டிக்கொண்டது, பம்ப் வெறுமனே முனகியது. கனமானது வாங்கலாம் என்று போனால் சீனப் புத்தாண்டுப் பெருநாள். ஈப்போவில் ஹார்ட்வேர் கடை ஒன்றுவிடாமல் கதவு இழுத்து, சிவப்புத் தாள் ஒட்டிக் கிடந்தது. கடை முதலாளி தவுக்கேயின் கைப்பேசிக்கு அடித்தால் அவர் பினாங்கில் இருக்கிறேன், பெருநாள் முடிந்து வா என்றார். லீவு விட்டதே பெருநாளுக்கு என்பதால் லூமுட் கடற்கரைக்குப் போக வைத்திருந்த பயணத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, அன்று சாயந்தரம் ஆயர் தாவாரில் மாமியார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, மரியாதை. அவன் முன்கூடத்தில் உட்கார்ந்தால் வீரம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். அவனுக்கு வேண்டியது இவளுக்குப் போகவும், இவள் சொல்வது அவனுக்கு வரவும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஷாமினி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததால் அன்று அந்த வேலை தினேஸ்வரி தலையில் விழுந்தது.

"அத்தைகிட்ட கனமா ஒரு ஓஸ் துண்டு இருக்குமான்னு கேளு. தொட்டிக்கும் பம்புக்கும் நடுவுல போட," என்றான் கனகராஜ்.

அவள் அடுப்படிக்குப் போய், "மாமாவுக்கு ஓஸ் வேணுமாம்," என்றாள். அவ்வளவுதான் வாயில் வந்தது. எதற்கு என்று அம்மாவும் கேட்கவில்லை. ஒரு கை நீளமா, ரெண்டு கை நீளமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பின்பக்கம் போனாள். வெகுநேரம் தண்ணீர் அடிக்கிற சத்தம். வந்தபோது மஞ்சள் ஓஸ் ஒன்றை வாழையிலை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். ஈரம் சொட்டியது. புளி வாசமும் சவர்க்கார வாசமும் அடித்தது.

புதுசா என்று கேட்கச் சொன்னான் கனகராஜ். தினேஸ்வரி திரும்புவதற்குள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே வீரம்மாவின் குரல் வந்தது:

"மாப்ளைக்குப் போய்ப் பழசு குடுப்பனா? புதுசுதான்னு சொல்லு. தூசியாயிருந்துச்சு, கழுவுனேன்."

கனகராஜ் அதை வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வண்டிக்குள் போய், படுக்கைப் பலகையைத் தூக்கி, அறுத்து மாட்டினான். பம்ப் சத்தமில்லாமல் ஓடியது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. விசிலடித்தான். கொஞ்ச நேரத்தில் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் குழாயைத் திறந்து மூடி விளையாட வந்துவிட்டன.

மறுநாள் காலை லூமுட்டில் கடலைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினார்கள். வீரம்மாவும் கூட வந்திருந்தாள். தோட்டத்து வேலைக்கு என்று இல்லாமல், சும்மா இருக்க என்று அவள் வீட்டை விட்டு வந்தது அதுதான் முதல் தடவை. புதுச் சேலை கட்டிக்கொண்டு, வண்டியின் ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, போகிற வருகிற படகுகளை எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகராஜ் பக்கத்து வண்டிக்காரரிடம் தன் பைப்பைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். உள்ளே ஷாமினி கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பிள்ளைக்குப் பால் கலக்கினாள். தனேஷ் போத்தலை இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சினான்.

மிச்சத் தண்ணீரில் தங்கைக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள் ஷாமினி. தினேஸ்வரி கோப்பையை வாங்கினாள். மூக்கு தன் வேலையைச் செய்தது.

மைலோ வாசம்தான் முதலில் வந்தது. அதற்கு அடியில் இன்னொன்று. மெல்லிசாக, கசப்பாக, காலையில் ஈரப்புல்லுக்கு நடுவில் டின்னின் மூடியைத் திறந்தால் வருகிற ஒன்று. அவள் கோப்பையை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்தாள். மோந்தாள். மறுபடியும் மோந்தாள். தன் மூக்கைத் தானே நம்பாதவள்போல் கையைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் பிடித்தாள்.

அக்கா என்று கூப்பிட நினைத்தாள். சத்தம் வரவில்லை. பிள்ளை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் போய்ப் போத்தலைப் பிடுங்கினாள். தனேஷ் வீறிட்டான். ஷாமினி திகைத்துப்போய், பைத்தியமாடி உனக்கு என்று திட்டினாள். தினேஸ்வரி போத்தலைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் படுக்கைப் பலகையை இழுத்தாள். அது வரவில்லை. கனகராஜ் சத்தம் கேட்டு ஓடிவந்து, என்ன, ஏது என்றபடி பலகையைத் தூக்கினான்.

வெள்ளைப் பெக்ஸ் பைப்புகளுக்கு நடுவில் மஞ்சள் ஓஸ் பளிச்சென்று கிடந்தது. அதன் முனையை இறுக்கியிருந்த கம்பி வளையத்தைக் காட்டினாள். அவன் ஸ்குருவைத் தளர்த்தினான். தண்ணீர் கொட்டியது. முனையில், ஓஸின் வரிப்பள்ளங்களுக்குள், நகத்தால் சுரண்டினாலும் போகாத மாதிரி சிவப்பு. கோடு கோடாக. சாயம் பூசிய பகுதியை யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஓடி வழிந்த துளிகள் மட்டும் மிச்சம்.

"இது மருந்தடிக்கிற ஓஸ் மாமா," என்றாள் தினேஸ்வரி.

கனகராஜ் ஓஸைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவன் வாய் திறந்தபடி இருந்தது. ஈப்போவிலிருந்து பேசிக்கொண்டே வந்த வாய்.

பாயிலிருந்து எழுந்து படி ஏறிய வீரம்மா, பலகைக்கு அடியில் கிடந்ததையும், மகளின் கையிலிருந்த போத்தலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கேயே, தண்ணீர் ஓடிக் கிடந்த தரையில், புதுச் சேலையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"அதையா குடிக்கிற தண்ணிக்குப் போட்டீங்க?" என்றாள். முதல் தடவையாக மருமகனின் முகத்தைப் பார்த்து.

வண்டி எப்படிக் கிளம்பியது, அடுப்பு மேலிருந்த கேத்தல் எப்போது விழுந்து உருண்டது, யாருக்கும் தெரியாது. கடற்கரையில் பாய் கிடந்தபடியே கிடந்தது. ஷாமினி பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. தினேஸ்வரி ஓஸை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். அதை எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. போகிற வழியெல்லாம் வீரம்மா ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்: கழுவினேனே, கழுவினேனே. சவர்க்காரம் போட்டு, புளி போட்டு, மறுபடியும் சவர்க்காரம் போட்டு. கும்பலில் கையைக் கழுவுவதும் அப்படித்தான், கழுவிவிட்டு அந்தக் கையாலேயே சோறு பிசைந்து தின்று வளர்ந்தவர்கள்தானே எல்லாரும்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் பெயர் ஃபர்சானா. தமிழ் பேசினார். அதுவே பாதி உயிரைக் கொடுத்தது. பிள்ளையின் வாய், நாக்கு, தொண்டை எல்லாவற்றையும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். மூத்திரத்துக்குப் பை ஒட்டினார்கள். எவ்வளவு குடித்தான், எப்போது குடித்தான், வாந்தி எடுத்தானா. ஷாமினி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு டாக்டர் பைக்குள் இருந்த ஓஸைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல என்ன மருந்து ஓடுச்சு? யாருக்குத் தெரியும்?"

எல்லாரும் வீரம்மாவைப் பார்த்தார்கள். அவள் சுவரைப் பார்த்தாள்.

டாக்டர் அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. முன்னே தோட்டங்களில் நீல நிறத்தில் ஒரு மருந்து அடிப்பார்கள் இல்லையா, இப்போது அடிக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்களே, அது ஓடிய ஓஸா என்று கேட்டார். அது என்றால் ஒரு வாய் போனாலும் வேறு வைத்தியம், இப்போதே ஆரம்பிக்க வேண்டும். அது இல்லை என்றால் வேறு. நீங்கள் சொல்வதை வைத்துத்தான் நான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும் என்றார்.

தினேஸ்வரிக்கு அந்த நீலம் தெரியும். அதைக் குடித்த ஒருவரை லயத்தில் பார்த்திருக்கிறாள். பிழைத்த கதை ஒன்றுகூட அவள் கேட்டதில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். அம்மா பொய் சொல்லிவிடக் கூடாதே என்று இருந்தது. நேற்று சொன்ன அந்த வாய்க்கு வந்த பொய்யைப்போல், மருமகன் எதிரில் நிற்கிறான் என்பதற்காக இப்போதும் ஒன்று சொல்லிவிட்டால்?

வீரம்மா எழுந்து நின்றாள். கனகராஜ் நிற்கிற பக்கம் திரும்பாமல், டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"பழைய ஓஸ்தான் டாக்டர். நான் புதுசுன்னு சொன்னது பொய். ஆனா நீலம் ஓடுனதில்ல. நீலத்த நிறுத்துனப்புறம் தோட்டத்துல வாங்கிக் குடுத்தது. அதுல என்ன ஓடுச்சோ அந்த டின்னு இன்னும் ஸ்டோருல இருக்கு."

தோட்டத்து ஸ்டோர் காவலாளி சன்னாசிக்குப் போன் அடித்தார்கள். அவர் டின்னில் இருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, டாக்டர் எழுதிக்கொண்டார். இன்னொரு தடவை சரிபார்த்தார். எங்கேயோ யாருக்கோ போன் அடித்துப் பேசினார். திரும்பி வந்தபோது அவர் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. தண்ணீரில் கரைந்து வந்தது மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும், இப்போதைக்குக் கெட்ட அடையாளம் எதுவும் இல்லை, ஆனால் இந்த வயதுப் பிள்ளையை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், வார்டில் வைத்து கிட்னியையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும் என்றார். தங்குவது தாய் மட்டும்தான். போகும்போது தினேஸ்வரியைப் பார்த்து, நீதானே கண்டுபிடித்தது, நல்லவேளை என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அரைப் போத்தல் உள்ளே போன பிறகுதானே.

வார்டுக்கு அழைத்துப்போக ஆள் வரும்வரை நடையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தனேஷ் கையில் ஊசிக் குழாயோடு தாயின் தோளில் தூங்கிப்போயிருந்தான். யார் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லாரும் பிள்ளையின் முதுகைப் பார்த்தார்கள். அது ஏறி இறங்கியது.

"ஏம்மா புதுசுன்னு சொன்ன?" ஷாமினி கேட்டாள். கோபமே இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி இருந்தது.

வீரம்மா முந்தானையை விரலில் சுற்றினாள். "கடை ஒண்ணுமில்ல, வீட்டுல வேற இல்ல. மாப்ளை முதல் தடவையா வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்காரு. பழசக் குடுத்தாங்கன்னு ஆயிரக் கூடாதுன்னு… கக்கூசுக்குத்தான்னு நெனச்சேன் ஷாமினி. தண்ணி அடிச்சு ஊத்துறதுக்கு. பாலுக்குன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா என் கைய வெட்டிப் போட்டிருப்பேன்."

அந்த ஒரு வார்த்தை எங்கே தொலைந்தது என்று தினேஸ்வரிக்குத் தெரியும். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில் போட, என்றுதான் மாமா சொல்லியனுப்பினார். அடுப்படிக்குப் போனபோது பாதிதான் அவளிடம் இருந்தது.

ஷாமினி புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க பாக்கலையா? இத்தன நாளு எங்க உசிர எடுத்தீங்களே, எழுத்து, எழுத்துன்னு."

கனகராஜ் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்களில் இன்னும் கிரீஸ் இருந்தது.

"பாத்தேன்," என்றான். "எழுத்து ஒண்ணும் இல்ல. அப்பவே மனசு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. அத்தை புதுசுன்னு சொல்லிட்டாங்க. மறுபடியும் எப்படிக் கேக்குறது? அவங்கள நம்பலேன்னு ஆயிரும்லா."

வீரம்மா மருமகனைப் பார்த்தாள், மருமகன் மாமியாரைப் பார்த்தான். இரண்டு பேர் முகத்திலும் ஒரே திகைப்பு இருந்தது. அத்தனை வருஷ மரியாதை பிள்ளையை எங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தவர்களைப்போல.

"அக்கா," என்றாள் தினேஸ்வரி. "நான்தான் முழுசா…"

வார்டு ஆள் வந்து ஷாமினியின் பெயரைக் கூப்பிட்டான்.

அவள் எழுந்தாள். பிள்ளையின் தலையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். வீரம்மா தூக்குவதற்காகக் கையை நீட்டிய துணிப்பையை, அந்தக் கைக்குத் தராமல், தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். கனகராஜ் வழிவிட்டு எழுந்து நின்றான், கூடவே வருவதற்கு ஒரு அடி எடுத்து வைத்தான். அவள் அம்மாவையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. நீளமான நடையில், பிள்ளையோடு நடந்துபோய் வார்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் மறைந்தாள்.